வந்து வந்து போற கரண்ட் கோளாறு: ஃபோர் வீல் வண்டியில அத கையும் களவுமா பிடிக்கிறது எப்படி

ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு ஏறுற ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்கு. எங்க பழைய டீசல் ஃபோர் வீல் வண்டி (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி) ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ரோட்டுல படுத்தின பாட்ட மறக்கவே முடியாது. செகண்ட் கியர்ல இழுத்து ஏறிட்டிருக்கும்போது படக்குனு ஆஃப் ஆகும், பெரும்பாலும் ஒரு செகண்ட்ல திரும்ப பிடிச்சுக்கும், சில நாள் பிடிக்காது, அப்ப ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக்குக்கு வாக்குவம் கிடைக்காம மிதி இறுகிடும், பின்னாடி பஸ் நிக்கும். ஆனா பொள்ளாச்சிக்கு இறக்கி பட்டறைல விட்டா நாள் முழுக்க கிண்ணுனு ஓடும். டீசல் ஃபில்டர் மாத்தினாங்க, ஃபீட் பம்ப் மாத்தினாங்க, கடைசில டீசல் பம்ப்பையே கழட்டி சர்வீஸுக்கு அனுப்பணும்னு சொன்னாங்க. அத்தனைக்கும் காரணம் இரண்டடி நீளம் கூட இல்லாத ஒரு ஒயர். அத பிடிச்ச கதைய கீழ விவரமா சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி கோளாறுக்கு எல்லாம் வழி ஒண்ணுதான்: பார்ட்ஸ் மாத்தறத நிறுத்திட்டு, கோளாறு நடக்கிற அந்த நிமிஷத்துல அத பார்க்கணும். அப்படி பார்க்காம மாத்தற ஒவ்வொரு பார்ட்டும் யூகத்துல போடற காசு.

முதல்ல ஒரு நோட்டு எடுங்க

மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் எல்லாம் அளக்கற மீட்டர்) அப்புறம். வண்டில ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டு வைங்க, கோளாறு வர்றப்பல்லாம் ஓரமா நிறுத்தி எழுதுங்க. இஞ்சின் சூடா இருந்துச்சா, காலைல முதல் ஸ்டார்ட்டா, மழையா, முந்தின நாள் வாட்டர் வாஷ் பண்ணினீங்களா, பள்ளத்துல இறங்கினப்பவா, இடது பக்கம் திருப்பினப்பவா, எந்த கியர், ஹெட்லைட்டும் ஏசியும் ஓடுச்சா. இதெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு, கூட வேற என்னென்ன செத்துச்சு. வைப்பரும் டீசல் மீட்டரும் இண்டிகேட்டரும் ஒரே நேரத்துல போகுதுன்னா மூணு கோளாறு இல்லீங்க, அந்த மூணுக்கும் பொதுவா ஒரு ஃப்யூஸோ ஒரு கப்ளரோ (ஒயர் ரெண்ட சேர்க்கிற பிளக்) ஒரு எர்த்தோ (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பற இணைப்பு) இருக்கும், அங்க ஒரே ஒரு கோளாறுதான். இந்த ஒரு வரி தெரிஞ்சா தேடற இடம் பாதிக்கு மேல சுருங்கிடும். என் நோட்டுல ஏழு தடவை எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது, ஏழும் ஏத்தத்துல, ஏழும் ஆக்ஸிலேட்டர நல்லா மிதிச்சப்ப, சமதளத்துலயோ இறக்கத்துலயோ ஒரு தடவை கூட வரல. டீசல் கோளாறும் இதே மாதிரிதான் தெரியும், அதனாலதான் பட்டறைலயும் ஏமாந்தாங்க.

ஃபோர் வீல் வண்டில ஏன் இது அதிகம்னும் தெரிஞ்சுக்கணும். கார் போற ரோட்டுல இந்த வண்டி போறதில்ல, ஒரு சக்கரம் பாறை மேலயும் ஒரு சக்கரம் பள்ளத்துலயும் இருக்கும்போது சேஸிஸே முறுக்குது, அதோட கட்டியிருக்கிற ஒயரிங் கிட்டும் கூடவே இழுபடுது. அப்புறம் தண்ணி. சூடான கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் சடார்னு குளிர்ந்த ஓடையில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கி, எங்க ஓட்டை இருக்கோ அங்கருந்து தண்ணிய உறிஞ்சும், அது பிரீதர் (காத்து போய் வர்ற சின்ன குழாய்) வழியா இருக்கலாம், சீல் போன கப்ளர் வழியாவும் இருக்கலாம். உள்ள போன தண்ணி ஒயருக்குள்ள விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி ஏறும், ஒரு முனைல நனைஞ்சா இரண்டடி தள்ளி களிம்பு பிடிச்சிருக்கும்.

பேட்டரியும் எர்த்தும்: இத தாண்டி போகாதீங்க

வண்டிய ராத்திரி சும்மா நிறுத்தி காலைல பேட்டரி மேல மீட்டர வைங்க. 12.6 வோல்ட் கிட்ட இருந்தா ஃபுல், 12.2 இருந்தா பாதிதான் இருக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக்கூடாது. இஞ்சின் ஓடறப்ப 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும், லைட் ஏசி எல்லாம் போட்டாலும் ரொம்ப விழக்கூடாது. மீட்டர ஏசி வோல்ட்டுக்கு (ஏர் கண்டிஷன் இல்ல, மாறுதிசை கரண்ட்) மாத்தி ஒரு தடவை பாருங்க, இஞ்சின் ஓடறப்ப அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டர் டயோடு ஒண்ணு போயிருக்குன்னு அர்த்தம், அந்த அழுக்கு கரண்ட் போதும் புது வண்டில சென்சார் எல்லாத்தையும் குழப்பி விட. டெர்மினல வெளிய இருந்து பார்த்துட்டு விட்டுடாதீங்க, கழட்டி உள்பக்கம் உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆனதும் மாட்டுங்க. லக்குக்குள்ள (ஒயர் முனைல இருக்கிற உலோக காது) ஒயர் போற இடத்துல ரப்பர் உப்பலா இருந்தா உள்ள காப்பர் பொடிஞ்சு போயிருக்கும், சந்தேகமே வேணாம்.

எர்த்துக்கு வருவோம். என் அனுபவத்துல வந்து வந்து போற கோளாறுல நிறைய இங்கதான் முடியுது. பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கு ஒண்ணு, இஞ்சினுக்கு ஒண்ணு, இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பின்னல் பட்டை ஒண்ணு, டேஷ்போர்டுக்கு பின்னாடி ஒண்ணு, பின் லைட்டுக்கு பின்னாடி ஒண்ணு, இப்படி பல இடத்துல இருக்கும். இத ஓம்ஸ்ல வச்சு பீப் சத்தம் வருதான்னு பார்க்கறது வீண், ஏன்னா ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தாலும் மீட்டர் பீப்னுதான் சொல்லும். கரண்ட் ஓடறப்ப பார்க்கணும். மீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் தூண் மேல வைங்க, கிளாம்ப் மேல இல்ல, அந்த ஈயத் தூண் மேலயே. இன்னொரு முனைய இஞ்சின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடத்துல வைங்க. ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, அதுக்கு மேல போனா அந்த வழில எங்கயோ எர்த்து சரியில்ல. அதே மாதிரி ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டு பாடில பல இடத்துல வச்சு பாருங்க, அங்க 0.1க்குள்ள இருக்கணும்.

ஒருத்தர் வண்டில இஞ்சின் எர்த்து பட்டை அறுந்து தொங்கிட்டிருந்துச்சு, ஆனா செல்ஃப் எடுத்துச்சு, சில நேரம் மந்தமா. ஆக்ஸிலேட்டர் கேபிள் மட்டும் அடிக்கடி இறுகுதுன்னு வந்தார், இரண்டு கேபிள் மாத்தியாச்சாம். தொட்டு பார்த்தா கேபிள் கை வைக்க முடியாத சூடு, வெளி உறை ஒரு இடத்துல உருகியே இருந்துச்சு. எர்த்து அறுந்ததால செல்ஃப் மோட்டார் இழுக்கிற அத்தனை கரண்ட்டும் அந்த மெல்லிசு கேபிள் வழியா பாடிக்கு திரும்பிட்டிருந்திருக்கு. பட்டைய மாத்தினதும் எல்லாம் சரி.

வேணும்னே வரவைக்கணும்

அடிப்படை சரியா இருந்தும் கோளாறு வருதுன்னா, இனி அத நம்ம சொன்ன நேரத்துக்கு வரவைக்கணும். இதுல பொறுமை வேணும். வண்டிய நிறுத்தி சாவிய ஆன்ல வச்சு, சந்தேகப்படற சர்க்யூட் ஓடிட்டிருக்கும்போது ஒயரிங் கிட்டை ஒரு முனைல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு சாணா மெதுவா ஆட்டிட்டு வாங்க, கப்ளர மேல கீழ பக்கவாட்டுல அசைங்க, ரிலே மேல ஸ்க்ரூ டிரைவர் பிடியால லேசா தட்டுங்க. வேகமா ஆட்டினா எது அசைஞ்சு வந்துச்சுன்னே தெரியாது. மீட்டர்ல குறைஞ்சது கூடினது பதிவு பண்ற வசதி இருந்தா அத போட்டு விடுங்க, கண் இமைக்கிற நேரத்துல விழுந்த வோல்ட்டையும் அது பிடிச்சு வைக்கும்.

சூட்டுல மட்டும் வர்றதுன்னா ஹேர் டிரையர் வச்சு ரிலே, சென்சார், கண்ட்ரோல் பாக்ஸ் ஒவ்வொண்ணா சூடாக்கி பாருங்க. மழைல வர்றதுன்னா பூவாளியோ ஸ்ப்ரே பாட்டிலோ எடுத்து ஒரு நேரத்துல ஒரு இடத்துல மட்டும் தெளிங்க, பிரஷர் வாஷர் வேணாம், அது இல்லாத கோளாறையும் உண்டாக்கும். பள்ளத்துல மட்டும் வர்றதுன்னா ஒரு முன் சக்கரத்தையும் அதுக்கு குறுக்க இருக்கிற பின் சக்கரத்தையும் கல்லு மேல ஏத்தி சேஸிஸ முறுக்கி நிறுத்திட்டு அப்புறம் ஒயர ஆட்டுங்க. சமதளத்துல எவ்வளவு ஆட்டியும் வராதது அப்ப வரும். இதுல வண்டிக்கு கீழ படுக்கறதா இருந்தா கட்டை போட்டு லாக் பண்ணாம படுக்காதீங்க.

ஒயர் உரசற இடம்னு சில இருக்கு, அத முதல்ல பாருங்க. இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல தகடு ஓட்டைல ரப்பர் கழண்ட இடம், கியர் பாக்ஸ் மேல் பக்கம், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசைய பிரிக்கிற பெட்டி) பிராக்கெட், சேஸிஸ் உள்பக்க கிளிப்பு, கதவு கீல் பக்கம் இருக்கிற ரப்பர் குழல், பின் கதவு கீல், டிரைவர் காலடி கார்ப்பெட்டுக்கு கீழ. எலி கடிச்ச இடமும் பெரும்பாலும் சூடு தங்கற இஞ்சின் மேலயும் பேட்டரி தட்டுக்கு பக்கத்துலயும்தான்.

அந்த ஒயர பிடிச்ச விதம்

எங்க வண்டில டீசல் பம்ப்புக்கு ஸ்டாப் சொலினாய்டு உண்டு, சாவி ஆன்ல இருக்கிற வரைக்கும் அதுக்கு 12 வோல்ட் போயிட்டே இருக்கணும், ஒரு நொடி நின்னாலும் டீசல் கட் ஆகி இஞ்சின் நின்னுடும். மீட்டர் வச்சு பார்த்தா 12.4 நல்லா காட்டுது. பட்டறைலயும் அத பார்த்துட்டுதான் கரண்ட் சரி, பம்ப்தான்னு முடிவு பண்ணாங்க. நான் இரண்டு சின்ன பல்பு எடுத்தேன், நீளமா ஒயர் இழுத்து, ரெண்டுக்கும் தனித்தனி சின்ன ஃப்யூஸ் போட்டு, ஒண்ண சொலினாய்டு முனைலயும் இன்னொண்ண ஃப்யூஸ் பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற ஒயர்லயும் கொடுத்து, ரெண்டையும் டேஷ்போர்டு மேல டேப் போட்டு ஒட்டினேன். தம்பி ஓட்டினான், நான் பல்பையே பார்த்துட்டு வந்தேன். ஒன்பதாவது வளைவு தாண்டி ஏத்தத்துல இஞ்சின் தடுக்குச்சு, "அண்ணா போச்சு"ன்னு அவன் சொல்றதுக்குள்ள சொலினாய்டு பல்பு அணைஞ்சு எரிஞ்சுது, ஃப்யூஸ் பல்பு அசையாம எரிஞ்சிட்டிருந்துச்சு. அந்த ஒரு நொடில தெரிஞ்சது நிறைய. டீசல் பக்கம் கோளாறே இல்ல, பேட்டரி, சாவி ஸ்விட்ச், ஃப்யூஸ் எதுவும் இல்ல, ஃப்யூஸுக்கும் பம்ப்புக்கும் நடுவுலதான்.

அடுத்த தடவை ஃப்யூஸ் பல்ப எடுத்து தகட்டுக்கு பக்கத்துல இருக்கிற கப்ளர்ல கொடுத்தேன். அதுவும் அணையல. அப்ப மிச்சம் இருக்கிறது கப்ளர்ல இருந்து பம்ப் வரைக்கும் உள்ள அந்த துண்டுதான். டேப்ப பிரிச்சு ஒயர விரல் நுனில வச்சு கொஞ்சம் கொஞ்சமா மடக்கிட்டே வந்தேன், எல்லா இடமும் கம்பி மாதிரி வளைஞ்சுது, ஒரு இடத்துல மட்டும் நூல் மாதிரி தொய்ஞ்சு மடங்குச்சு. பிளேடு வச்சு கீறினா உள்ள காப்பர் இழை ஒண்ணு கூட முழுசா இல்ல, கருப்பும் பச்சையுமா பொடி, வெளி உறைல ஒரு கீறல் கிடையாது. அதுக்கு முந்தின வருஷம் இஞ்சின் வேலை பண்ணினப்ப அந்த ஒயரிங் கிட்டை இஞ்சின் பிராக்கெட்டோட இறுக்கி கட்டியிருந்திருக்காங்க. ஏத்தத்துல பாரம் விழறப்ப இஞ்சின் மவுண்டிங் மேல ஒரு பக்கமா சாயும், சாயறப்ப ஒயர் இழுபடும், அறுந்த முனை பிரியும். பட்டறைல நியூட்ரல்ல எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் இஞ்சின் அப்படி சாயாது, அதான் அங்க வரவே இல்ல.

மீட்டர் 12.4 காட்டினது பொய் இல்ல, ஆனா மீட்டர் கரண்ட்டே இழுக்காத சாமான். அதனால ஒயர சோதிக்கும்போது பாரம் கொடுத்து சோதிங்க. சர்க்யூட்ல அந்த சாமான கழட்டிட்டு, அதோட கப்ளர்ல 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ண கொடுங்க, நல்லா பளிச்னு எரிஞ்சா ஒயர் நல்ல ஒயர், மங்கலா எரிஞ்சா வழில எங்கயோ அடைப்பு. இத லைட், மோட்டார், சொலினாய்டு மாதிரி சர்க்யூட்டுக்கு மட்டும் பண்ணுங்க. சென்சார் ஒயர், இஞ்சின் கண்ட்ரோல் யூனிட் ஒயர்ல பல்பு கொடுத்தா யூனிட்டே போயிடும். மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக், அதுல எந்த டெஸ்ட்டும் வேணாம்.

ஃபோர் வீல் லைட் மினுக்குதுன்னா

இத தனியா சொல்லணும், பாதி பேர் மோட்டார மாத்திட்டு வந்து நிக்கறாங்க. ஸ்விட்ச் திருப்பினா ஃபோர் வீல் விழற வண்டில டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல ஒரு ஷிஃப்ட் மோட்டார் இருக்கும், அது எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்ற பொசிஷன் சென்சார் இருக்கும், சில வண்டில முன் ஆக்சில் சேர்ந்துச்சான்னு சொல்ல தனி ஸ்விட்ச் இருக்கும். லைட் மினுக்குதுன்னா கேட்டதுக்கும் நடந்ததுக்கும் ஒத்துப் போகலன்னு கண்ட்ரோல் யூனிட் சொல்லுது, அவ்வளவுதான். காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டினதால முறுக்கு ஏறி எடுபடாம நின்னாலும் மினுக்கும், அதுக்கு கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தா விட்டுடும். நாலு டயரும் ஒரே அளவு, ஒரே காத்து இல்லன்னாலும் சக்கர வேகம் மாறி சில வண்டில எச்சரிக்கை லைட் வரும். அதெல்லாம் இல்லன்னு ஆனதுக்கு அப்புறம் கரண்ட் பக்கம் வாங்க. முதல்ல டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலயும் முன் ஆக்சில் மேலயும் உள்ள கப்ளர், ஏன்னா சேறும் தண்ணியும் நேரா அடிக்கிறது அங்கதான்.

இங்க ஒரு ஏமாத்து வேலை இருக்கு, நல்லா கவனிங்க. கப்ளர கழட்டி பார்ப்பீங்க, சுத்தமா இருக்கும், திரும்ப மாட்டுவீங்க, கோளாறு போயிடும். பத்து நாள்ல திரும்ப வரும். அதிர்வுல பின் ஒண்ணோட ஒண்ணு நுணுக்கமா உரசி உரசி கண்ணுக்கு தெரியாத கருப்பு படலம் பிடிச்சிருக்கும், கழட்டி மாட்டறப்ப அது சுரண்டுபட்டு தற்காலிகமா சரியாகும். அதனால கழட்டினதும் சரியாச்சுன்னா அதுதான் ஆதாரம், அந்த கப்ளர்தான் குற்றவாளி. அதே சைஸ் ஆண் பின் ஒண்ண தனியா எடுத்து பெண் பின்னுக்குள்ள ஒவ்வொண்ணா விட்டு இழுத்து பாருங்க, மத்ததெல்லாம் பிடிச்சு இழுக்கும், ஒண்ணு மட்டும் வழுக்கிட்டு வந்தா அந்த பின் அகண்டு போச்சு, அத மாத்தணும். காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, காஞ்சதும், ரப்பர் சீல் நல்லா இருக்கான்னு பார்த்து, சீல்ல கொஞ்சமா டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டுங்க. சோதிக்கிறப்ப ஒயர ஊசி வச்சு குத்தாதீங்க, குத்தின ஓட்டைல தண்ணி போய் அடுத்த மழைக்கு புது கோளாறு ரெடி, கப்ளர் பின்பக்கமா மெல்லிசு பின் விட்டு பாருங்க.

ஃப்யூஸ் போறதும் பேட்டரி இறங்கறதும்

எப்பவாவது ஃப்யூஸ் போகுதுன்னா பெரிய ஃப்யூஸ் போடாதீங்க, ஒயர் எரியும், வண்டி எரியும். போன ஃப்யூஸ் இடத்துல 21 வாட் பல்பு ஒண்ண மாட்டுங்க, அந்த சர்க்யூட்ல இருக்கிற சாமான எல்லாம் ஆஃப் பண்ணி வைங்க. ஷார்ட் ஆகறப்ப பல்பு முழு வெளிச்சத்துல எரியும், விலகினா அணையும், ஃப்யூஸும் செலவாகாது. இப்ப ஒயர ஆட்டிட்டே போங்க, பல்பு எரியற இடத்துல நில்லுங்க.

ராத்திரில பேட்டரி இறங்குதுன்னா வண்டிய பூட்டி அரைமணி முக்கால் மணி விடுங்க, புது வண்டில கண்ட்ரோல் யூனிட் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் பேட்டரில இருந்து போற கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். ஃப்யூஸ ஒவ்வொண்ணா பிடுங்கினா யூனிட் முழிச்சுக்கும், அதனால பிடுங்காம மீட்டர மில்லி வோல்ட்ல வச்சு ஒவ்வொரு ஃப்யூஸ் தலைலயும் இருக்கிற இரண்டு புள்ளில தொடுங்க, பூஜ்ஜியம் இல்லாத இடத்துல கரண்ட் ஓடுது.

புது வண்டின்னா ஒரே நேரத்துல அஞ்சாறு எச்சரிக்கை லைட் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரியும். பயப்பட வேணாம். ஸ்கேனர்ல வர்ற கோளாறு கோட அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க. பல சென்சாருக்கு ஒரே 5 வோல்ட் லைன் பொதுவா இருக்கும், ஒண்ணு ஷார்ட் ஆனா மத்ததும் சேர்ந்து சாகும், ஒவ்வொரு சென்சாரா கழட்டிட்டே வாங்க, எத கழட்டினதும் 5 வோல்ட் திரும்புதோ அதுதான். கேன் லைன (கண்ட்ரோல் யூனிட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற இரட்டை ஒயர்) பார்க்கணும்னா பேட்டரிய கழட்டிட்டு ஓபிடி சாக்கெட்டுல (ஸ்கேனர் மாட்டற இடம்) 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க, பெரும்பாலான வண்டில 60 வரணும். 120 வந்தா லைன் ஒரு பக்கம் அறுந்திருக்கு, பூஜ்ஜியம் கிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிருக்கு. மீட்டர மாட்டி வச்சுட்டே ஒயரிங் கிட்டை ஆட்டுங்க.

வெளிய வாங்கி மாட்டினது எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு வாரம் ஓட்டி பாக்கறதும் ஒரு டெஸ்ட்தான். ஃபாக் லைட், ஹாரன், கேமரா, மியூசிக் சிஸ்டம், விஞ்ச் (சேத்துல மாட்டின வண்டிய கேபிள்ல இழுக்கிற மோட்டார்). கம்பெனி ஒயர உரிச்சு முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் எங்க இருந்தாலும் அத நம்பாதீங்க. விஞ்ச் முழு பாரத்துல 400 ஆம்பியர் வரைக்கும் கூட இழுக்கும், அதுக்கு பேட்டரில இருந்து நேரா தடிமனான கேபிளும் கட் ஆஃப் ஸ்விட்ச்சும் வேணும், எர்த்தையும் பேட்டரிக்கே கொண்டு வரணும்.

சரி பண்றதும் சோதிக்கிறதும்

அறுந்த ஒயர அதே தடிமன்ல புது துண்டு விட்டு, சரியான பிளையர்ல கிரிம்ப் பண்ணி (நசுக்கி இணைச்சு), உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற குழல்) போட்டு சூடாக்குங்க. சால்டர் வைக்கிறது தப்பில்ல, ஆனா ஈயம் ஏறின இடம் விறைப்பாகி அதோட ஓரத்துல அதிர்வுல முறியும், அதனால சால்டர் வச்சா இரண்டு பக்கமும் ஒயர ஆடாம கட்டணும். நாலு ஒயர் சேர்க்கணும்னா ஜாயிண்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காம ஏறுமாறா வைங்க. இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எந்த ஒயருக்கும் தளர்ச்சி விட்டு கட்டுங்க, எங்க வண்டில நான் நாலு விரல் அளவு கூடுதலா விட்டேன்.

வேலை முடிஞ்சதும் அந்த இரண்டு பல்பையும் கழட்டல. அதே ரோட்டுல, அதே மழைல, பின்னாடி அதே மாதிரி மூட்டை ஏத்தி, செகண்ட் கியர்ல மூணு வாரம் ஓட்டினோம். பல்பு ரெண்டும் ஒரு தடவை கூட கண் சிமிட்டல, அதுக்கப்புறம்தான் டேப்ப பிரிச்சேன்.